ஆனை போகிற வழி

பெங்குவின்களை முதன்முதலாகப் பக்கத்தில் பார்த்தபோது எனக்குச் சாளை மீன் நினைவு வந்தது. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனை அடுத்து சைமன்ஸ் டவுன் என்று ஒரு சிறிய கடற்படை ஊர். அங்கே பௌல்டர்ஸ் கடற்கரையில் உருண்டைப் பாறைகளுக்கு நடுவே அவை கூட்டமாக நின்றிருந்தன. கப்பல் கேப் டவுன் துறைமுகத்தில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது; மெஷின் ரூமிலிருந்து எனக்கு அரைநாள் விடுதலை. மரப்பலகைப் பாதையில் நடந்தால், கையை நீட்டித் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் பெங்குவின். கழுதை கத்துவதுபோலக் கத்துகிறது. காற்று திரும்பியதும் நாற்றம் வந்தது. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடியில் மீன் காயப்போட்ட மணலில் அடிக்கும் அதே நாற்றம். அதுதான் சாளையை இழுத்துக்கொண்டு வந்தது. இந்தப் பெங்குவின்களும் சாளையையும் நெத்திலியையும் தின்றுதான் பிழைக்கின்றன. நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு உறவுகொண்டாட வேறு என்ன வேண்டும்?

பூதப்பாண்டியில் எங்கள் வீட்டு நடைக்குச் சாளை வந்துசேர மணி பத்தாகும். மணக்குடியிலோ பள்ளத்திலோ விடியலில் கரையேறிய மீன், ஓலைப்பெட்டியில் ஏறி, பாதிதூரம் பஸ்ஸிலும் மீதி தலைச்சுமையாகவும் வரும். அம்மை செவுளைத் தூக்கிப் பார்த்துப் பேரம் பேசுவாள். அன்றைக்குப் புளிமுளம் வைத்தால் மறுநாள் காலையில் பழையதுக்கும் அதுதான். சாளை இல்லாத வருடங்களும் உண்டு. கடல் வற்றிப்போச்சு என்று மீன்காரி சொல்லிவிட்டு வெறும் பெட்டியோடு திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவாள்.

பௌல்டர்ஸில் 1982இல் இரண்டு ஜோடிப் பெங்குவின்கள்தான் வந்து கூடு கட்டினவாம். பிறகு அவை ஆயிரக்கணக்கில் பெருகின. ஆனால் ஆப்பிரிக்கப் பெங்குவின் என்கிற இனம் மொத்தமாகத் தேய்ந்துகொண்டே வந்தது. 2024 அக்டோபரில் அதை அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாக அறிவித்தார்கள். எண்ணெய்க் கசிவு, கடல் சூடாவது என்று காரணங்கள் பல. அவற்றில் பெரியது, பெங்குவின் தின்ன வேண்டிய சாளையையும் நெத்திலியையும் பெரிய படகுகள் முன்னாலேயே அள்ளிவிடுவது. சுற்றுலாக்காரன் பலகைப் பாதையை விட்டு மணலில் கால் வைக்கக் கூடாது என்று அங்கே கண்டிப்பான விதி இருக்கிறது. கரையில் அவ்வளவு மரியாதை. கடலுக்குள் அதன் இரைக்கு வேலி எதுவும் வெகுகாலம் இருக்கவில்லை.

கப்பல்காரன் உலகம் சுற்றியவன் என்று ஊரில் நினைத்துக்கொள்வார்கள். டெக்கில் நிற்கிறவனுக்கு அது பொருந்தும். மெஷின் ரூம்காரன் சுற்றியது பெரும்பாலும் நீர்மட்டத்துக்குக் கீழே, டீசல் வாடையில், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு. ஆனாலும் மேலே ஏறி வந்த நேரங்களில் சில பார்க்கக் கிடைத்தன. தெற்கே, காற்று ஓயாத கடலில், அல்பட்ராஸ் கப்பலின் பின்னால் வரும். சிறகை விரித்தால் மூன்றரை மீட்டர் வரை போகும் பறவை. இறக்கையை அடிப்பதே இல்லை. அலைமேல் எழும் காற்றில் சாய்ந்து ஏறும், சரிந்து இறங்கும், மறுபடி ஏறும். பின்தளத்தில் நின்றால் அதன் கண் தெரியும். அது நம்மைப் பார்த்துவிட்டு, தின்ன ஒன்றும் விழாது என்று தெரிந்ததும் போய்விடும். அதற்குப் போக வழி இருந்தது. அதனால் அந்தச் சந்திப்பில் யாருக்கும் ஒரு சேதமும் இல்லை.

போக வழி விடுகிற இந்தக் கணக்கை எனக்குச் சொல்லித் தந்தவர் மாமா. கப்பலில் சேருவதற்கு முன் நான் பக்கத்தில் பார்த்த காட்டுமிருகம் எல்லாம் அவர் காட்டித் தந்தவைதான். கீரிப்பாறையில் வனத்துறை போட்ட ரப்பர் தோட்டத்தில் அவருக்கு மேற்பார்வை வேலை. அந்தத் தோட்டங்கள்தாம் 1984இல் அரசு ரப்பர் கழகம் ஆயின. பள்ளிக்கூட விடுமுறைக்குத் தெரிசனங்கோப்பு, அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம் என்று பஸ் ஏறிப் போவேன். தடிக்காரன்கோணம் தாண்டியதும் காற்று மாறும். அங்கேயிருந்து மேலே ரப்பர், அதற்கும் மேலே மாறாமலையில் கிராம்புத் தோட்டங்கள், அப்புறம் காடு.

ரப்பர் பால்வெட்டு இருட்டோடு தொடங்கும் வேலை. குளிர் இருக்கும்வரைதான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் நின்றுபோகும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரம் மரமாகப் போய்ப் பட்டையைச் சீவி, சிரட்டையைக் கவிழாமல் வைத்து, நேற்றைய ஒட்டுப்பாலைப் பிய்த்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போகவேண்டும். காட்டுமிருகம் மேய்ச்சலை முடித்துக்கொண்டு திரும்புகிற நேரமும் அதுவேதான். ஒரு விடியலில் மாமாவோடு போனபோது சட்டென்று அவர் விளக்கை அணைத்தார். என் தோளை அமுக்கி உட்காரவைத்தார். கீழே ஓடைப்பக்கம் மூங்கில் ஒடிகிற சத்தம். கண் இருட்டுக்குப் பழகியபின் முதுகுகள் தெரிந்தன. நான் எத்தனை ஆனை என்று எண்ணப் பார்த்தேன். மாமா காதோடு சொன்னார்: "லே மக்கா, ஆனையப் பாக்காத. அது எந்த வழியா வந்துது, எந்த வழியா போவும்னு பாரு."

திரும்பி வரும்போது மற்றதையும் சொன்னார். "ஆனைக்கும் தண்ணிக்கும் நடுவுல நிக்கப்பிடாது. தள்ளைக்கும் குட்டிக்கும் நடுவுல நிக்கப்பிடாது. நீ நிக்குற எடத்துலதான் அதுக்கு வழின்னா, நீதான் மாறணும்." பால்வெட்டுக்காரர்கள் ஆனையைவிடக் கரடிக்குத்தான் அஞ்சுவார்கள் என்பதையும் அவரிடம்தான் கேட்டேன். ஆனை வருவது தெரியும். கரடி குனிந்து கறையானைத் தோண்டிக்கொண்டிருக்கும், வருகிற ஆள் அதற்குத் தெரியாது, ஆளுக்கும் அது தெரியாது. இரண்டு பேருக்கும் விலக நேரம் இல்லாத இடத்தில் முகத்துக்கு நேரே எழுந்து நிற்கும். கரடி கிழித்த முகங்களைக் கீரிப்பாறையில் பார்த்திருக்கிறேன்.

மாமாவுக்குப் பேச்சிப்பாறைப் பக்கம் காணிக்காரப் பழங்குடிச் சிநேகிதர்கள் உண்டு. ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். பேச்சிப்பாறை அணையைக் கட்டிமுடித்தது 1906இல், திருவிதாங்கூர் மூலம் திருநாள் காலத்தில். கட்டிய எஞ்சினியர் மிஞ்சின் துரையின் கல்லறை அங்கேயே இருக்கிறது. நாஞ்சில் நாட்டு வயலுக்குத் தண்ணீர் வந்த கதையை எல்லோரும் சொல்வார்கள். அணைக்கு அந்தப்பக்கம் தோட்டமலை, தச்சமலை என்று காணிக்காரக் குடிகள் தண்ணீருக்கு அக்கரையில் ஆனதையும், பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் படகில் வரவேண்டி ஆனதையும் சொல்கிறவர்கள் குறைவு. நாங்களும் வள்ளத்தில்தான் போனோம்.

அங்கே மரத்துக்கு மேலே ஏறுமாடம் கட்டியிருந்தார்கள். மூங்கில் ஏணி, மேலே ஓலைக்கூரை, உள்ளே அடுப்பு எரிய மண் பூசிய தளம். மரச்சீனி விளைகிற காலத்தில் குடும்பமே மேலே ஏறிக்கொள்ளும். கீழே ஆனை வரும், தின்னும், போகும். சத்தம் போட்டு விரட்டிப் பார்ப்பார்கள், போகாவிட்டால் விட்டுவிடுவார்கள். அவர்களுடைய மூட்டுக்காணி, ஊர்த்தலைவர், எங்களுக்குச் சுட்ட கிழங்கும் காந்தாரி மிளகும் தந்தார். ஆனை எல்லாவற்றையும் தின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் அதுக்கு உள்ளதுதானே என்றார். அவர் அதைப் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை. விதைக்கும்போதே அதைக் கழித்துத்தான் கணக்குப் போடுவார்கள். அந்தக் காட்டில் அவர்களுக்கு இடம் நிறைய இருந்த காலத்துக் கணக்கு அது. இன்றைக்கு அவர்களுக்கே இடம் சுருங்கிவிட்டது. ஒரு வருட மரச்சீனியும் வாழையும் போனால் கடனாகிவிடும். இன்னமும் அந்தப் பொறுமையை அவர்களிடம் எதிர்பார்ப்பது அநியாயம்.

அந்த மலைகளில் எங்களுக்கு முன்னால் ஒருவர் திரிந்திருக்கிறார் என்று பின்னாளில் படித்தேன். 1933இல் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூர் முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். ஆரல்வாய்மொழியிலும் பாலமோரிலும் கன்னியாகுமரியிலும் தங்கினார். அந்தக் காலத்தில் பறவையைப் பக்கத்தில் பார்ப்பது என்றால் சுட்டுக் கையில் எடுத்துப் பார்ப்பது. அளந்து, பஞ்சடைத்து, சீட்டுக் கட்டி வைப்பார்கள். அப்படிச் சேர்த்ததில்தான் பின்னால் வந்தவர்களுக்குப் பெயர் தெரிந்தது. இன்று தூரநோக்கியும் கேமராவும் இருக்கின்றன. உயிரை எடுக்காமல் இறகை எண்ணலாம். ஆனாலும் கையில் எடுத்துப் பார்க்கும் ஆசை போனபாடில்லை. செல்போனை நீட்டிக்கொண்டு ஆனைக்குப் பின்னால் போகிற பையன்களைப் பார்க்கும்போது அது தெரிகிறது.

கென்யாவின் மொம்பாசாவில் ஒருமுறை கப்பல் இடம் கிடைக்காமல் காத்துக்கிடந்தபோது ஏஜெண்ட் ஒரு வேன் ஏற்பாடு செய்தார். சாவோவுக்குப் போனோம். 1898இல் ரயில் பாலம் கட்டப்போன இந்தியக் கூலிகளை இரண்டு சிங்கங்கள் இழுத்துப்போன ஊர். சாவோ கிழக்குப் பூங்கா மட்டுமே 13,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். எங்கள் மாவட்டம் சுமார் 1,670. எட்டு கன்னியாகுமரி மாவட்டம் அதற்குள் அடங்கும். அங்கே ஆனைகள் சிவப்பாக இருக்கும். அந்தச் செம்மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொள்வதால் அந்த நிறம். நான் பார்த்ததெல்லாம் கறுத்த ஆனை. இது வேறு ஊர்த் தெய்வம்போல் நின்றது.

ஒரு கூட்டம் பாதையைக் கடக்க வந்தது. எங்கள் ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுத்தார். என்னோடு வந்த செகண்ட் ஆபீசருக்குக் கோபம். படம் எடுக்க இன்னும் கிட்டே போகவேண்டும் என்றார். ஓட்டுநர் காதைக் காட்டினார். முன்னால் வந்த கிழட்டுப் பெண் ஆனை காதை விரித்து நின்றது. அவர் இன்னும் கொஞ்சம் பின்னால் எடுத்தார். காது மடிந்தது. கூட்டம் கடந்தது, குட்டி நடுவில். மாமாவும் இவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் என்று எனக்குத் தோன்றியது. கொஞ்சம் தள்ளி ஒரு சிங்கத்தைச் சுற்றி வேன்கள் வளைத்து நின்றன. சிங்கம் எழுந்து ஒரு பக்கம் போனால் அந்தப் பக்கம் ஒரு வேன். பல ஆயிரம் மைல் தாண்டி வந்தவர்கள் அவர்கள், காசு கொடுத்தவர்கள். பக்கத்தில் பார்த்தோம் என்று அவர்களும் ஊரில் போய்ச் சொல்லியிருப்பார்கள்.

அதே சாவோ வழியாக 2017இல் மொம்பாசா–நைரோபி புது ரயில்பாதை வந்தது. மண்மேடு எழுப்பி அதன்மேல் தண்டவாளம் போட்டார்கள். ஆனைகள் கடக்க அடியில் பெரிய வாய்களை விட்டார்கள். எல்லா ஆனையும் உடனே அதை ஏற்றுக்கொள்ளவில்லை. மேட்டுக்கு இப்பால் நின்று தயங்கியவை உண்டு. பழகப் பழகச் சில கூட்டங்கள் அதற்குள் போய்வருகின்றன. நம்மூரில் கோயம்புத்தூர்ப் பக்கம் மதுக்கரைத் தண்டவாளத்தில் ஆனைகள் ரயிலில் அடிபட்டுச் சாவது நெடுங்காலமாக நடந்தது. 2024 பிப்ரவரியில் அங்கே கேமரா கோபுரங்கள் வைத்து, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு, ஆனை தண்டவாளத்துக்குக் கிட்டே வந்ததும் ரயில்காரருக்குத் தகவல் போக வழி செய்தார்கள். மாமா காதை வைத்துச் செய்ததை இயந்திரம் கண்ணை வைத்துச் செய்கிறது. நோக்கம் ஒன்றுதான்.

அரிக்கொம்பன் என்கிற ஆனை எங்கள் மலைக்கு வந்தபோது இந்தப் பேச்செல்லாம் மறுபடி கிளம்பியது. இடுக்கியில் சின்னக்கானல் அதன் ஊர். அரிசிக்காக ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்ததால் வந்த பெயர். நிலமில்லாத பழங்குடிக் குடும்பங்களை 301 காலனி என்று அங்கே குடியேற்றினார்கள். அந்த இடம் ஆனைகள் நடமாடுகிற இடம். இரண்டு பக்கமும் ஏமாந்தவர்கள். 2023 ஏப்ரல் 29இல் மயக்க ஊசி போட்டு அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே 27இல் கம்பம் தெருவில் ஓடியது. ஜூன் 5இல் தமிழ்நாட்டு வனத்துறை மறுபடி பிடித்தது. லாரியில் ஏற்றி, மணிமுத்தாறு, மாஞ்சோலை வழியாக மேல்கோதையாற்றுக்குக் கொண்டுபோய் மறுநாள் முத்துக்குழிக் காட்டில் இறக்கிவிட்டது. கழுத்தில் ரேடியோ காலர்.

பேச்சிப்பாறை, கோதையாற்றுப் பக்கத்து ஜனங்கள் கொதித்தார்கள். எங்கோ செய்த குற்றத்துக்கு எங்கள் தலையில் கட்டுகிறீர்களா என்று கேட்டார்கள். கேட்டதில் தப்பு இல்லை. டீக்கடையில் தினமும் அதுதான் பேச்சு. ஆனை இன்றைக்கு எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டர் என்று கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற ஆவலோடு கேட்டார்கள். செப்டம்பரில் அது மாஞ்சோலைத் தோட்டத்துக்குள், நாலுமுக்கு, ஊத்துப் பக்கம் போனது. சில நாளில் மறுபடி மேல்கோதையாற்றுக் காட்டுக்கே திரும்பிவிட்டது. யாரும் பயந்தபடி அது கோதையாற்று வழியே கீழே இறங்கிவந்து ரேஷன் கடையை உடைக்கவில்லை. மேலே புல்லும் தண்ணீரும் இருந்தன, மறித்துநின்ற குடியிருப்பு இல்லை. ஆனையின் குணம் என்று நாம் சொல்வதில் பாதி, அது நிற்கிற இடத்தின் குணம்.

அதே வருடம் ஜூலையில் சிற்றாறு சிலோன் காலனியில் கடுவா இறங்கியது. பெரும்புலியைக் கடுவா என்றுதான் எங்கள் பக்கம் சொல்வது. ஆட்டையும் மாட்டையும் அடித்தது. அந்தக் காலனியின் கதை தனி. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களுக்கு இங்கே ரப்பர்த் தோட்டத்தில் வேலை கொடுத்துக் குடியேற்றினார்கள். 1964இல் இரண்டு பிரதமர்கள் போட்ட கையெழுத்து, கண்டி மலையிலிருந்து ஒரு குடும்பத்தைத் தூக்கிச் சிற்றாற்றில் இறக்கியது. இறக்கப்பட்டவர்களுக்கு மிருகத்தின் வழி எது என்று சொல்லித் தர மூட்டுக்காணி யாரும் இல்லை, பட்டுத்தான் கற்றார்கள். இரவில் வெளியே வரப் பயந்து, பால்வெட்டுக்குப் போகாமல் கூலியை இழந்தார்கள். ஜூலைக் கடைசியில் பத்துகாணிக்கு அருகே கடுவாவைப் பிடித்து வண்டலூருக்குக் கொண்டுபோனார்கள். வயதேறிய ஆண். காட்டில் மிளாவைத் துரத்திப் பிடிக்கும் தெம்பு போனபிறகு கட்டிப்போட்ட ஆட்டைத் தேடி வந்திருக்கிறது.

கடலில் நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்தக் கணக்கு முடியாது. அரபிக்கடலிலிருந்து கொழும்புப் பக்கம் வருகிற கப்பல்கள் லட்சத்தீவுக்கும் மினிக்காய்க்கும் நடுவே ஒன்பது டிகிரி கால்வாய் வழியாக வரும். ஒரு மத்தியானம் பிரிட்ஜிலிருந்து மெஷின் ரூமுக்குப் போன் வந்தது. எதிரே ஒரு மீன்படகு, ரேடியோவில் என்னமோ பேசுகிறார்கள், உன் பாஷையாக இருக்கலாம், மேலே வா. போனேன். ரேடியோவில் தூத்தூர்ப் பேச்சு. மலையாளமும் தமிழும் சரிபாதி கலந்த, என் அம்மையின் மீன்காரி பேச்சுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. "அண்ணே, எங்க தூண்டில் தெக்க கெடக்கு. வடக்க ஒதுங்கிப் போவச் சொல்லுங்க." கேப்டனிடம் சொன்னேன். அவர் வடக்கே திருப்பினார். கடந்துபோகும்போது பார்த்தேன். எங்கள் கப்பலின் உயிர்காக்கும் படகைவிடக் கொஞ்சம் பெரிய படகு. விலாப்பக்கம் ஒரு கொம்பன் சுறா, தலை இருபுறமும் நீண்டு, தண்ணீருக்கு வெளியே பாதியும் உள்ளே பாதியுமாக. நாலு பேர் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பக்கத்தில் ஒரு காட்டுமிருகத்தோடு நிற்க எந்தச் சுற்றுலா நிறுவனமும் டிக்கெட் விற்காது.

தூத்தூரையும் சேர்த்து, இரயுமன்துறை முதல் நீரோடி வரை எங்கள் மாவட்டத்தில் எட்டுக் கடற்கரை ஊர்கள். ஆழ்கடல் சுறா பிடிப்பில் இந்தியாவில் இந்த ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் இல்லை. மாலத்தீவு, சாகோஸ், ஓமன் என்று இவர்கள் போகாத கடல் இல்லை. 2010இல் சாகோஸ் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாகப் பிரிட்டன் அறிவித்தபிறகு, எல்லை தாண்டிய படகுகள் தியகோ கார்சியாவில் பிடிபட்டு அபராதம் கட்டித் திரும்பியிருக்கின்றன. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கடலில் அதிகம் பேர் இருந்ததும் இந்த ஊர்களிலிருந்துதான். வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் எத்தனையோ வீட்டில் ஆள் திரும்பவில்லை.

அந்தக் கரையில் எனக்கு வாய்த்த ஒரு சிநேகிதர் சொல்வார், அப்பன் காலத்தில் பாய் விரித்துப் போய்க் கரை மறையும் முன்னே சுறா கிடைக்கும், எங்கள் காலத்தில் நாள்கணக்கில் ஓடவேண்டியிருக்கிறது என்று. அவர் சொன்னதை உலகக் கணக்கும் சொல்கிறது. 1970இலிருந்து ஐம்பது வருடத்துக்குள் பெருங்கடல் சுறாக்களும் திருக்கைகளும் 71 சதவீதம் குறைந்துவிட்டன என்று 2021இல் வெளியான ஆய்வு சொன்னது. 2001இல் அம்மணி உழுவை என்கிற திமிங்கிலச் சுறாவைப் புலிக்குச் சமமாகப் பாதுகாப்புப் பட்டியலில் வைத்தார்கள். 2015இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அந்தத் துடுப்பைச் சூப்பில் போட்டுக் குடித்தவர் தூத்தூர்க்காரர் இல்லை. விலையை வைத்தவரும் இல்லை. தடையின் சுமை மட்டும் அவர்கள் வள்ளத்தில் ஏறியது. அல்பட்ராஸ் செத்துப்போவதும் இதேபோன்ற நீளத் தூண்டிலில்தான். உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கொக்கிகளோடு கிடக்கும் கயிற்றில் இரை என்று பாய்ந்து மூழ்குகின்றன. தூண்டிலோடு பறவை விரட்டும் நாடாவைக் கட்டினாலும் இரவில் தூண்டில் போட்டாலும் சாவு வெகுவாகக் குறைகிறது. அதற்கும் செலவு இருக்கிறது. யாராவது அதைத் தரவேண்டும்.

கப்பல்காரன் மற்றவனைக் குறை சொல்வதற்குமுன் தன் கதையையும் சொல்லவேண்டும். இலங்கையின் தென்முனை தேவேந்திரமுனை. அதற்குக் கீழே உலகத்திலேயே நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று போகிறது. மிரிஸ்ஸாவிலிருந்து சுற்றுலாப் படகுகள் நீலத்திமிங்கிலம் பார்க்கப் போவதும் அந்தக் கடலுக்குத்தான். ஒருமுறை பின்தளத்தில் நின்றபோது தொலைவில் மூச்சுநீர் எழுந்ததைக் கண்டேன். பிறகு ஒரு முதுகு. முடியவே முடியாது என்று தோன்றும்படி நீண்டு உருண்டது. இருபது மீட்டருக்கு மேல் இருக்கும். எனக்கு மகிழ்ச்சிக்குப் பதில் நெஞ்சில் திக்கென்றது. கீழே எங்கள் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை பெரிய உயிர் கப்பலின் மூக்கில் மோதினால் மெஷின் ரூமில் ஒரு அதிர்வும் தெரியாது. துறைமுகம் போய்ச் சேர்ந்தபிறகு, முகப்பில் திமிங்கிலம் மாட்டிக் கிடந்ததைப் பார்த்த கப்பல்கள் உண்டு. பக்கத்தில் என்றால் அதைவிடப் பக்கம் எது? ஆனால் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பாதையைத் தெற்கே பதினைந்து கடல்மைல் தள்ளிவிட்டால் திமிங்கிலம் அடிபடும் ஆபத்து 95 சதவீதம் வரை குறையும் என்று ஆய்வாளர்கள் வருடக்கணக்காகச் சொல்லிவந்தார்கள். 2022இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தானாகவே தன் கப்பல்களைத் தெற்கே திருப்பியது. கூடுதல் எண்ணெய் கொஞ்சம், கூடுதல் நேரம் கொஞ்சம். எல்லாக் கப்பலுக்கும் கட்டாயமாக்கும் உத்தரவு வரவேண்டும். மாமா நின்ற இடத்தை மாற்றினார், கப்பலும் மாற்றலாம்.

ஓய்வுபெற்று ஊருக்கு வந்தபிறகு எனக்கு உலகம் சுற்றும் ஆசை வற்றிவிட்டது. சுற்றுகிறவர்கள் இங்கே வருகிறார்கள். சுசீந்திரம் குளத்தங்கரையில் நின்றால், மத்திய ஆசியாவிலிருந்து ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் மார்கழிக்கு வந்து இறங்கியிருக்கும். தேரூரில் கூழைக்கடா. மணக்குடிக் காயலிலும் புத்தளம் உப்பளத்திலும் உள்ளானும் ஆலாவும், சில வருடம் பூநாரையும். இவற்றில் ஒன்றுக்கும் பாஸ்போர்ட் இல்லை. கன்னியாகுமரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் டிக்கெட் காசிலேயே பார்க்கலாம். 2022இல் சுசீந்திரம்–தேரூர் ஈரநிலத்தை, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். பெருமைதான். கரையில் குப்பை கொட்டுகிற லாரிக்கு ராம்சார் யாரென்று தெரியாது. நாஞ்சில் நாட்டில் குளம் வயலானதையும், வயல் வாழையாகித் தென்னையாகிப் பிளாட் ஆனதையும் என் வயதுக்காரர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அவ்வளவு தூரம் பறந்துவந்த பறவைக்கு இறங்க இடமில்லாவிட்டால் அது வேறு எங்கே போகும்?

எங்கள் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி 18.7 லட்சம் பேர். 2008இல் அறிவித்த கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் 402 சதுர கிலோமீட்டர், மாவட்டத்தில் ஏறக்குறைய கால்பங்கு. சாவோவில் ஆனை நம்மை விட்டு விலகிப்போக நூறு மைல் இருக்கிறது. இங்கே அதற்கும் நமக்கும் நடுவே ஒரு ஓடை, ஒரு ரப்பர்த் தோட்டம், ஒரு தார்ச்சாலை. அதனால் நாம்தான் அதிக மரியாதை தெரிந்தவர்களாக இருக்கவேண்டும். உலகத்தில் எத்தனை மிருகத்தை எவ்வளவு கிட்டே பார்த்தாய் என்று கேட்கிற பிள்ளைகளிடம் நான் தூரத்தைச் சொல்வதில்லை. அது திரும்பிப்போக வழி விட்டிருந்தாயா என்று அவர்களைக் கேட்கிறேன்.

கீரிப்பாறைக்கும் காளிகேசத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வனத்துறைச் சாவடியில் சொல்கிற நேரத்துக்குள் இறங்கிவிடுங்கள். குரங்குக்குச் சிப்ஸ் போடாதீர்கள். மேட்டில் வளைவு திரும்பும்போது ஆனை நின்றால் ஹாரன் அடிக்காதீர்கள், போனை எடுக்காதீர்கள். வண்டியைப் பின்னுக்கு எடுத்து, பின்னால் வருகிறவர்களையும் நிறுத்தி, அது கடக்கும்வரை காத்திருங்கள். அரைமணி நேரம் தாமதமாக வீட்டுக்குப் போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.